கறுப்புத் துணி வந்த வழி

அத்தியாயம் 11

போன வாரம் வேல்பாண்டியை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், மனிதர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். கக்கத்தில் செய்தித்தாளில் சுருட்டிய துணிப்படம். ஆடிக் காற்று அந்தத் தாளைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது.

அனுசுயாவை உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சின்னமனூர்க்காரி. பழைய சேலை, ஏலக்காய்ச் சாக்கு, திராட்சைத் தோட்டத்தில் பறவைக்குக் கட்டிக் கிழிந்த வலை, டீத்தூள் பாக்கெட்டின் உள்பக்க வெள்ளித்தாள் என்று ஊர் தூக்கிப் போடுவதையெல்லாம் வெட்டி, அடுக்கி, தைத்து, சுவரில் மாட்டும் படமாக ஆக்குகிறவள். போடி பஜாரில் ஜெபஷீலாவின் கடையில் அவை விற்கின்றன. குமுளியில் ஒரு தங்கும் விடுதி மூன்று பெரிய படம் கேட்டிருக்கிறது. சில வாரங்களாக அந்தச் சந்தோஷத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தின் முதுகில் ஒரு வெள்ளைத் துணி வைப்பாள். எந்தத் துணி யாருடையது என்று அதில் சிவப்பு நூலால் தைத்து எழுதுவாள். 'பச்சை: சீலையம்பட்டி பவுனுத்தாய் சேலை. வலை: கம்பம் கர்ணன் தோட்டம். சாக்கு: போடி ஏலக்காய் மண்டி.' வாங்க வருகிறவர்கள் படத்தின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே திருப்பி முதுகைத்தான் படிப்பார்கள். தெரிந்த பேர் ஒன்று இருந்துவிட்டால் பேரமே பேச மாட்டார்கள்.

"உள்ள வாங்க தம்பி. ஏன் வெளியவே நிக்கிறீக?" என்றாள் அனுசுயா.

"வரலக்கா. இதத் தூக்கிக்கிட்டு யாரு வீட்டுக்குள்ளயும் நான் நுழைய மாட்டேன்."

அனுசுயா சிரித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வேல்பாண்டிக்கு அல்லிநகரத்தில் பேட்டரிக் கடை. வைகாசியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். ஹாலில் மாட்டுவதற்கென்று வாங்கிப் போனது இந்தப் படம். பொட்டிப்புரம் மலை, அந்தி நேரம், கறுப்பு மலையின் அடிவாரத்தில் மூன்று சின்ன வெளிச்சம். அனுசுயா தைத்ததிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

அவர் வாசற்படிக்கு வெளியிலேயே அதை விரித்தார்.

"இந்த மூணு வெளிச்சம் இருக்கே, இது நீங்க போட்ட ஓட்டையாக்கா?"

"இல்ல தம்பி. துணியிலயே இருந்துச்சு. பின்னால வெள்ளித்தாள வச்சுத் தச்சேன்."

"இது ஆசிட் தெறிச்ச ஓட்டை. என் சட்டைப்பை. பேட்டரிக்கு ஆசிட் ஊத்தையில விழுந்துச்சு. ஓரத்துல பச்சை நூலு தெரியுதா? கறுப்பு நூலு இல்லாம எம் பொண்டாட்டி பச்சையில தச்சா. அதுக்கு ஒரு சண்டை போட்டோம். எனக்கா மறக்கும்?"

"உங்க சட்டை எப்படித் தம்பி இங்கன...?"

"அதக் கேக்கத்தான் வந்தேன். எனக்கு அஷ்டமச் சனி. போன ஆடியில மூணு சனிக்கிழமை குச்சனூர் போனேன். எண்ணெய் தேச்சு ஆத்துல முங்கி, போட்டிருந்த கறுப்புச் சட்டைய அங்கனயே விட்டுட்டு வந்தேன். திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொன்னாக. நான் பாக்கல. ஆனா அது என் பின்னாலயே வந்து, எங்க வீட்டு ஹால்ல ஏறி உக்காந்துக்கிருச்சு."

அனுசுயா படத்தை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். சனீஸ்வரன் சந்நிதியில் கழித்துவிட்ட துணியை அந்தப் பக்கத்தில் ஒருவரும் தொட மாட்டார்கள். விட்டவனின் பீடை எடுத்தவனுக்கு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"நேத்துத் தூசி தட்டையில எம் பொண்டாட்டிதான் அவ தையலக் கண்டா. மாசமா இருக்கா. அப்ப இருந்து ஹால்ல கால் வைக்க மாட்டேங்கறா. எனக்குக் காசு வேணாம்க்கா, படமும் வேணாம். பின்னால 'கறுப்பு: சுரேஷ்கண்ணன் டெய்லர் கடை வெட்டுத்துணி'ன்னு நீங்க தச்சிருக்கீக. அது நெசமா, பொய்யா? அத மட்டும் சொல்லுங்க."

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன் தம்பி."

படத்தை வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு, தெருக்குழாயில் காலைக் கழுவிக்கொண்டு போனார்.

*

கறுப்புத் துணிக்கு அவள் பட்ட பாடு பெரிய கதை. துணி தருகிறவர்கள் கல்யாணச் சேலை தருவார்கள், பிள்ளையின் முதல் சொக்காய் தருவார்கள். கறுப்பை யார் தருவார்? மாலை போட்டு மலைக்குப் போய் வந்தவர்களிடம் கறுப்பு வேட்டி கேட்டால், "சாமி துணிய வெட்டுவியா?" என்று முறைத்தார்கள். கறுப்பு இல்லாமல் மலை ஏது? சுற்றிலும் மலையை வைத்துக்கொண்டு மலையைத் தைக்க முடியவில்லையே என்று ஒரு மாதம் புலம்பினாள்.

அப்போதுதான் அவள் புருஷன் சுருளிராஜன் ஒருநாள் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து போட்டான். குட்டியானை வண்டியில் திராட்சை ஏற்றுகிறவன், பத்து ஊர் சுற்றுகிறவன். "சுரேஷ்கண்ணன் கடை வெட்டுத்துணி, வச்சுக்க" என்றான். துவைத்து மடித்து வெட்டியே வந்தது. என் கஷ்டம் தெரிந்த மனுஷன் என்று அன்றைக்கு அவனுக்கு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

இப்போது டெய்லருக்குப் போன் போட்டாள்.

"கறுப்பா?" என்றார் சுரேஷ்கண்ணன். "நான் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவன்க்கா. காக்கி கேளுங்க, நீலம் கேளுங்க. எங்கிட்டக் கறுப்பு ஏது?"

பத்து மணிக்குச் சுருளிராஜன் சாப்பிட வந்தான். தட்டு வைக்கவில்லை அவள்.

"சுரேஷ்கண்ணன் கடையில கறுப்பு எப்ப வாங்குனீக?"

"அப்பப்பத்தான். ஏன் திடீர்னு?"

"அவரு காக்கியும் நீலமும்தான் இருக்குன்னு சொல்றாரு."

சுருளிராஜன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். வெளியே கிடந்த படத்தை அப்போதுதான் கவனித்தான். வண்டிச் சாவியை ஆணியில் மாட்டி, திரும்ப எடுத்து, பையில் போட்டுக்கொண்டான்.

"முத்துப்பேச்சிதான் எடுத்துக் குடுத்தா" என்றான்.

முத்துப்பேச்சி அவனுடைய தங்கை. குச்சனூரில் எள் தீபம் விற்கிறவள்.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை குவிஞ்சு கிடக்கு அனுசு. நல்ல துணி. கூட்டி அள்ளிக் கொண்டுபோயிக் கொட்டத்தான் போறாக. எதையும் வீணாத் தூக்கிப் போடாதீகன்னு ஊருக்கே நீதான் பாடம் எடுப்ப. இது மட்டும் ஆகாதா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஆகுமா ஆகாதான்னு என்னையக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னுருப்ப."

"ஆமா. வேணாம்னுருப்பேன்."

"அதான் கேக்கல. இந்தா பாரு, சனியாவது பீடையாவது? துணின்னா துணிதான். இதெல்லாம் நம்புறவனா நானு?"

அது உண்மை என்றே அனுசுயாவும் நினைத்தாள். கோயில் வாசலில் வண்டியை நிறுத்தக்கூட மாட்டான். சாமி, பூதம் என்று யாராவது பேசினால் கேலி பண்ணுவான். நம்பிக்கை இல்லாதவன் செய்த முரட்டுத்தனம் என்றால் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு எட்டாம் நாள் சோறு போட்டுவிடலாம். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அதைவிடப் பெரிய முரட்டுத்தனத்தையெல்லாம் மன்னித்திருக்கிறாள்.

ஆனால் தையலை என்ன செய்வது?

"நீங்க வாயால சொன்னது பொய்யி. நான் அத ஊசியால குத்திக் குத்தி எழுதியிருக்கேன். ஒம்பது படத்துல. ஒம்பது வீட்டுல என் பேரச் சொல்லி அது தொங்குது."

"ஒம்பதுல ஒருத்தன்தான கண்டுபிடிச்சான்? அவனுக்கு வேற படம் ஒண்ணு குடு. டெய்லருக்குக் கணக்குத் தெரியல, மறந்துட்டாருன்னு சொல்லு. வெளிய வாயத் தொறந்தீன்னா குமுளி ஆர்டரும் போகும், நீ பாட்டுக்கு அடுப்படியில உக்கார வேண்டியதுதான்."

பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். லோடு நிற்கிறதாம்.

*

அனுசுயா அழவில்லை. ஜெபஷீலாவுக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. ஜெபஷீலா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். சனிப்பெயர்ச்சி என்றைக்கு என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு அந்த நம்பிக்கை இல்லக்கா. எங்க ஹால்லயும் உங்க கறுப்பு மலை ஒண்ணு தொங்குது, தொங்கட்டும். ஆனா பின்னால தச்சிருக்கறது பொய்யின்னா, அது எனக்கு இடிக்குது. நான் அதத் திருப்பிக் காட்டித்தான விக்கிறேன்?"

"நான் என்ன செய்ய ஜெபா?"

"முதல்ல நீங்க உண்மை என்னன்னு முழுசாத் தெரிஞ்சுக்கங்க. பாதிய வச்சுக்கிட்டு யாருட்டயும் பேச முடியாது."

அதுவும் சரிதான். அனுசுயா சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். மகள் ஓவியா, பிளஸ் டூ படிக்கிறவள், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எதுவும் கேட்காமல் கூடவே செருப்பைப் போட்டாள். காலையில் நடந்ததெல்லாம் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது பிள்ளை.

ஆடிச் சனிக்கிழமை குச்சனூர் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே எண்ணெய் வாசனை. ஈரத் தலையோடு வருகிறவர்கள் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். முத்துப்பேச்சி தார்ப்பாய் நிழலில் எள் பொட்டணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அட, மதினி! ஓவியாவுமா? வாங்க வாங்க. என்ன மதினி சொல்லாமக் கொள்ளாம?" என்று எழுந்து பலகையைத் துடைத்துப் போட்டாள். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அனுசுயாவுக்கு அதுவே பாதி ஆறுதலாகவும் பாதிப் பயமாகவும் இருந்தது.

"கறுப்புத் துணி எடுத்துக் குடுத்தியாமே பேச்சி."

"ஆமா. நீங்க கேட்டீகன்னுதான். போதுமா, இன்னும் வேணுமா? கூட்டுற ஆளுக வர்றதுக்கு முன்னாடியே எடுக்கணும், அதான் விடியக்காலம் போயி எடுப்பேன். எள்ளச் சுத்திப் போட்டுட்டுத்தான் தொடுவேன், துவைச்சு வெட்டுறதெல்லாம் ஆத்தங்கரையிலதான்."

"நான் கேட்டேனா?"

முத்துப்பேச்சியின் கை எள்ளின் மேலேயே நின்றுவிட்டது.

"அண்ணன் அப்படித்தான் சொல்லுச்சு. 'உங்க மதினிக்கு எல்லாம் தெரியும், அவளுக்கு இதுலயெல்லாம் பயமில்ல'ன்னு சொல்லுச்சு. நான்கூடக் கேட்டேன் மதினி. கழிச்ச துணிய வீட்டுக்குள்ள வச்சுத் தைக்கலாமான்னு கேட்டேன். பரிகாரம் பண்ணிட்டுத்தான் தைப்பான்னு சொல்லுச்சு. சத்தியமா மதினி, உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது."

"உங்கண்ணன் இதெல்லாம் நம்புறதில்லைன்னு காலையில சொன்னாக."

"யாரு, அண்ணனா?" முத்துப்பேச்சி சட்டென்று சிரித்துவிட்டாள். "நம்பாமலா மூணு வாரம் வந்து முங்குச்சு?"

அனுசுயா பலகையில் உட்கார்ந்தாள்.

"போன ஆடியிலதான் மதினி. அண்ணனுக்குக் கண்டம் இருக்கு, வண்டியில கவனமா இருக்கணும்னு போடியில ஜோசியர் சொல்லிட்டாராம். உங்கள்ட்டச் சொன்னாச் சிரிப்பீகன்னு சொல்லாதன்னுச்சு. மூணாவது சனிக்கிழமை சட்டையக் கழிச்சுட்டுக் கரையேறி வரையிலதான் அந்தத் துணியெல்லாம் குமிஞ்சு கிடந்ததப் பாத்துச்சு. 'உங்க மதினி கறுப்புக்கு அலையுறா, இதுகள எடுத்துத் துவைச்சு, வாங்குறவுகளுக்குச் சட்டைன்னு தெரியாமத் துண்டு துண்டா வெட்டி வையி'ன்னு சொல்லுச்சு. சொல்லிட்டுக் கொஞ்ச தூரம் போயி, திரும்பி வந்துச்சு."

"எதுக்கு?"

முத்துப்பேச்சிக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது, தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று. எள் பொட்டணம் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சொல்லு பேச்சி. எதுக்குத் திரும்பி வந்தாக?"

"அண்ணன் சட்டை கறுப்புக் கட்டம் போட்டது. 'அத மட்டும் தப்பித் தவறி மூட்டையில போட்டுராத, எரிச்சிரு'ன்னு சொல்லுச்சு."

ஆற்றங்கரைப் பக்கமிருந்து ஒரு கும்பல் ஈரத் தலையோடு வந்து எள் தீபம் கேட்டது. முத்துப்பேச்சி எடுத்துக் கொடுத்தாள். அனுசுயா அவர்களுடைய புதுத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எரிச்சிட்டியா?"

"புதுச் சட்டை மதினி. மனசு வரல. வீட்டுக்குள்ள வைக்கவும் பயம். அந்தா, அந்தச் சாக்குக்கு அடியில போட்டு வச்சிருக்கேன்."

அனுசுயாவே போய் எடுத்தாள். சாம்பலும் கறுப்பும் கட்டம் போட்ட சட்டை. போன வருஷம் வீரபாண்டித் திருவிழாவுக்கு அவள் தேனியில் அலைந்து வாங்கிக் கொடுத்தது. திராட்சைப் பெட்டி ஆணியில் மாட்டிக் கிழிந்துபோனது, வண்டி துடைக்கப் போட்டுவிட்டேன் என்று அவன் சொன்ன அதே சட்டை. உதறிப் பார்த்தாள். ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை.

"அம்மா" என்றாள் ஓவியா, மெதுவாக. "என்கிட்டயும் அப்பா சொன்னாகம்மா. அம்மா வச்சிருக்கற கறுப்புத் துணிய மட்டும் தொடாத, கெமிக்கல், கை அரிக்கும்னு. உன்கிட்டயும் சொல்லியிருப்பாகன்னு நினைச்சேன்."

அவ்வளவுதான். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. தன்னைக் காப்பாற்றிக்கொண்டான். மகளைக் காப்பாற்றிக்கொண்டான். மிச்சம் இருந்தது ஒருத்தி. அவள் ஒரு வருஷமாக, யார் யாரோ பயந்து ஆற்றில் விட்டதையெல்லாம் மடியில் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மலை மலையாகத் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தான்.

சனி உண்டா இல்லையா என்ற வழக்கை நாம் இங்கே தீர்க்கப்போவதில்லை. அவன் உண்டு என்று நம்பினான். நம்பிக்கொண்டே கொடுத்தான். அனுசுயாவுக்கு அதுதான் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தீபம் வாங்க வந்த ஒரு பெண், இவளுக்கும் ஏழரை போலிருக்கிறது என்று நினைத்து, "எல்லாம் சரியாப் போகும் ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அழுது முடித்ததும் முகத்தைக் கழுவினாள். வேல்பாண்டிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, பின்னால தச்சிருக்கறது பொய்யி. உங்க சட்டைய எடுத்தது எங்க வீடுதான். எனக்குத் தெரியாது. தெரியாட்டியும் தச்சது என் கை. உங்க வீட்டுக்காரிட்டயும் நானே வந்து சொல்றேன். மத்த எட்டு வீட்டுக்கும் போயிச் சொல்லப் போறேன்."

வேல்பாண்டி, "எட்டு வீட்டுக்குமாக்கா?" என்றார்.

"ஆமா."

"உங்க வீட்டுல ஒத்துக்கிருவாகளா?"

அனுசுயா போனை வைத்துவிட்டாள்.

*

சின்னமனூர் பஸ்ஸுக்காக நிற்கும்போது சுருளிராஜனின் போன் வந்தது. எடுத்த எடுப்பில் கத்தினான்.

"வேல்பாண்டி கூப்பிட்டுக் கேக்கறாரு, 'அக்கா சொல்றது நெசமா'ன்னு! என்னத்தச் சொல்லி வச்சிருக்க அவருட்ட? ஒனக்குப் புத்தி கித்தி பெசகிருச்சா? எங்கன இருக்க இப்ப?"

"குச்சனூர்ல."

சத்தம் சட்டென்று அடங்கியது.

"அங்கன என்ன சோலி உனக்கு?"

"உங்க சட்டை என் கையில இருக்கு. கட்டம் போட்டது. ஆணி மாட்டிக் கிழிஞ்சு போச்சுன்னீகளே, அது. பேச்சி எரிக்கல."

"அனுசு..."

"நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குக் கொண்டு வாரேன்."

"ஏய், வேணாம்!" அவன் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. பதினெட்டு வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. "வேணாம் அனுசு. அத வீட்டுக்குள்ள கொண்டு வராத. சொன்னாக் கேளு. அங்கனயே ஆத்துல போட்டுட்டுத் தலைக்குக் குளிச்சுட்டு வா. புள்ளையத் தொட விடாத. உங்கால்ல வேணாலும் விழுறேன்."

"துணின்னா துணிதானங்க?"

"வேணாம் அனுசு" என்றான் மறுபடியும்.

"ஒரு வருஷமா என் மடியில கிடந்துச்சே, அது எல்லாம் யாரு யாரு சட்டைங்க?"

பஸ் வந்து நின்றது. ஓவியா முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். அனுசுயா போனை அணைக்காமலேயே ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். போனுக்குள் சுருளிராஜன் இன்னும் "வேணாம், வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கண்டக்டர் வந்தார். சின்னமனூருக்கு ரெண்டு டிக்கெட் கேட்டாள்.